எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியின் வளரிளம் பருவ நல மையம்: சேவை அருமை, நேரம்தான் கோளாறு

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் தாலுகா அரசு ஆஸ்பத்திரியில், புறநோயாளிகள் கட்டடத்தின் பின்பக்க வராந்தாவில் 'வளரிளம் பருவ நல மையம்' என்று நீல போர்டு மாட்டிய ஓர் அறை இருக்கிறது. 10 வயதிலிருந்து 19 வயது வரை பையனோ பொண்ணோ யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு பைசா செலவில்லை. சில வருடங்களாக மாணவிகளை அங்கே அனுப்புகிறேன், அம்மாக்கள் கேட்டால் கூடவே போகிறேன். ஊர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் எழுதப் போவதில்லை. சின்ன ஊர். அங்கே வந்து போகும் பிள்ளை யாரென்று நாலு தெரு தள்ளிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்காகவே இந்த மையத்துக்குப் போகலாம். ஆனால் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் திறந்திருக்கிறது. யாருக்காகத் திறந்தார்களோ அந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கிறார்கள். இதை மாற்றாதவரை நான் முழு மார்க் போட மாட்டேன்.

எங்கள் ஊரில் மட்டும் இருக்கிற ஏற்பாடு இல்லை இது. 2014 ஜனவரி 7 அன்று மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தின் கீழ் நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன. சாப்பாடு, மனநலம், போதைப் பழக்கம், வன்முறை, தொற்றா நோய்கள், அப்புறம் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம் என்று ஆறு விஷயங்கள் அதில் அடக்கம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

அறை சின்னதுதான். ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, எடை மெஷின், உயரம் அளக்கச் சுவரில் ஒட்டிய டேப். அலமாரியில் நாப்கின் பாக்கெட்டுகள், நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை. மேசையின் ஓரத்தில் கர்ப்பப்பையும் சினைப்பையும் வரைந்த ஒரு பெரிய அட்டை கிடக்கும். மூலையெல்லாம் மடங்கி, பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு சினைக்குழாய் இருக்கும் இடம் வெளுத்தே போய்விட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அறையின் மரக்கதவு. சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அரசு ஆஸ்பத்திரியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, நாலு பேர் நடுவில் நின்று டாக்டரிடம் தன் வியாதியைச் சொன்னவர்களுக்குத் தெரியும்.

ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டிய பெண். சமூகப்பணி படித்தவர், தொகுப்பூதியத்தில் வேலை. அவர் வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை. அம்மா பூப்பறிக்கும் வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டு, அன்று எட்டரைக்கே பள்ளி வாசலில் வந்து நின்றார். "மூணு மாசமா வரல டீச்சர், வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். வெளிய யாருகிட்ட கேக்கறது?" என்றார். அவருக்கு என்ன பயம் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது, அம்மா முகத்தைப் பார்க்காமல் நின்றாள். மூன்று பேருமாகப் போனோம்.

ஆலோசகர் எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அம்மாவைப் பேசவிட்டு முழுசும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நீங்களும் டீச்சரும் ஒரு பத்து நிமிஷம் வெளிய இருங்கம்மா. எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் தனியாத்தான் பேசுவேன், உங்க பொண்ணுகிட்ட மட்டும் இல்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளால்தான் அம்மா தயங்காமல் எழுந்து வந்தார். தன் பிள்ளையைச் சந்தேகப்பட்டு வெளியே அனுப்புகிறார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிறகு பிள்ளையே கொஞ்சம் சொன்னாள். முதலில் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கேட்டாராம். அப்புறம், "நீ சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது கண்ணு. உன்னை யாராச்சும் தொந்தரவு பண்ணியிருந்தா மட்டும் நான் சும்மா இருக்கக் கூடாது, சட்டம் அப்படி. அதை முன்னாடியே சொல்லிடறேன்" என்றாராம். சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு என்று விளக்கி, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாராம். "என்கிட்ட கேட்டாங்க மிஸ்" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். பதினாறு வயதில், அவள் உடம்பைப் பற்றி அவளிடமே ஒருவர் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது, எடையும் குறைவு. டாக்டரம்மா வந்து பார்த்து மாத்திரை எழுதி, ஸ்கேனுக்கும் அனுப்பினார். கர்ப்பம் எதுவும் இல்லை. "வேற ஒண்ணும் இல்லையே மேடம்?" என்று அம்மா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆலோசகர் ஒரே பதிலைச் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு ரத்தம் கம்மி. காலையில சாப்பிடாம ஸ்கூலுக்குப் போறா. அதைத்தான் நாம சரி பண்ணணும்." பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றினார், அம்மாவின் பயத்தையும் இறக்கி வைத்தார். இந்த நிதானத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்த வராந்தாவில் காத்திருப்பேன்.

டீச்சர் எதற்கு ஆஸ்பத்திரி அறையைப் பற்றி இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறார் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில், கணக்கெடுத்த நேரத்தில் தாயாகிவிட்டவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் இந்தியா முழுக்க 2015-16இல் 7.9 சதவீதம். 2019-21இல் அது 6.8 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 5.0 சதவீதத்திலிருந்து 6.3 ஆகக் கூடியது. பெண் கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கிற மாநிலம், தேசத்தின் போக்குக்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. அந்த 6.3இல் 18, 19 வயதில் சட்டப்படி கல்யாணமானவர்களும் உண்டு. அது சரி. ஆனால் அதே கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் தங்களுக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனது என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டில் ஒருத்தி. ஐம்பது பேர் உட்காரும் என் வகுப்பில் அது எத்தனை பெஞ்ச் என்று பார்க்கிறபோது பகீரென்கிறது.

எங்கள் பக்கம் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். பிள்ளை போனில் யாருடனோ பேசுகிறாள் என்று தெரிய வரும். 'ஓடிப் போயிட்டா குடும்ப மானம் போயிடும்' என்று அவசரம் அவசரமாக ஜாதகம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் தாய்மாமனுக்கே பேசி முடிப்பார்கள். லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. மஞ்சள் நீராட்டுக்கு பேனர் கட்டி ஊரையே கூட்டுகிற வீட்டில், அந்தச் சடங்கு எதற்கு, உடம்பில் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் சொல்லித் தருகிறதே என்பீர்கள். எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமடைதல் பாடம் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலன் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் பன்னிரண்டில் அதைப் படிப்பது உயிரியல் எடுத்த பிள்ளைகள் மட்டும். வணிகவியல் குரூப்பில் இருக்கிறவளுக்கும் கர்ப்பப்பை இருக்கிறதே, அவளுக்கு யார் சொல்வது? அந்த இடத்தைத்தான் இந்த மையம் நிரப்புகிறது.

அடுத்தது, பெற்றோர் வெளியே கேட்கவே பயப்படும் விஷயம். பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாகிவிட்டால் என்ன ஆகும்?

நம் ஊரில் நடப்பது என்னவென்றால், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறார்கள். வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், பதிவு செய்யாமல் தள்ளிப்போடுகிறார்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையாவது வாங்கிக் கொடுக்கிறார்கள். வாரங்கள் ஓடிவிடுகின்றன. உடம்பே இன்னும் முழுதாக வளராத, ரத்தம் குறைந்த பிள்ளைக்கு அந்த வாரங்கள்தான் ஆபத்து. ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வருவது, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, இவை எல்லாமே பதின்வயதுத் தாய்மார்களிடம் அதிகம்.

மையத்தில் இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறார்கள். பள்ளிக்கு அழைத்திருந்தபோது ஆலோசகர் பெற்றோரிடம் விளக்கியதைக் கேட்டு நானே குறிப்பெடுத்துக்கொண்டேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர் பாலுறவுக்குச் சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது. அப்படி நடந்தது யாருக்குத் தெரிய வந்தாலும் அவர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். டாக்டருக்கும் அந்தக் கடமை உண்டு, என்னைப் போன்ற டீச்சருக்கும் உண்டு. ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கும் தகவலில் அவள் பெயர், அடையாளம் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். மைனர் பெண்களுக்கு 24 வாரம் வரை இடமுண்டு, அதற்கு இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும். பாதுகாவலர் ஒருவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கு, கல்யாணமாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், அவள் சம்மதம் மட்டும் போதும்.

கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க கெட்டுப் போகாதா மேடம்?" என்றார். ஆலோசகர் கோபப்படவில்லை. "அண்ணா, என்கிட்ட லேட்டா வந்த பிள்ளைங்கள்ல யாருமே எல்லாம் தெரிஞ்சு வந்தவங்க இல்ல. ஒண்ணுமே தெரியாமத்தான் வந்தாங்க" என்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது.

இனி குறைகள்.

நேரத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், ஆனாலும் மறுபடி சொல்வேன். காலை நேரத்தில் போக வேண்டுமென்றால் பிள்ளை லீவு போட வேண்டும். லீவு போட்டால் வீட்டில் காரணம் கேட்பார்கள். எந்தப் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் தனியாக ஒரு பெரியவரிடம் பேச வேண்டுமோ, சரியாக அவளைத்தான் இந்த நேரம் வெளியே நிறுத்துகிறது. நாலரை மணிக்குப் பள்ளி விட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் கதவில் பூட்டு. ஆலோசகரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மதியம் கிராமங்களுக்குப் போகும் வேலை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை திறக்க ஆள் போட வேண்டியது மேலே இருப்பவர்கள் பொறுப்பு.

இரண்டாவது, ஓ.பி. சீட்டுக் கவுண்டர். உள்ளே அவ்வளவு பக்குவமாக நடந்துகொள்கிறார்கள், வெளியே சீட்டு எழுதுமிடத்தில் எல்லாம் போய்விடுகிறது. "என்ன பிரச்சனை? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கும்படி ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் சீட்டே வாங்காமல் திரும்பி நடந்தாள். சமாதானப்படுத்திக் கூட்டி வர எனக்கு அரை மணி நேரம் ஆனது. தனியாக வந்திருந்தால் திரும்பியே வந்திருக்க மாட்டாள். இந்த மையத்துக்கு வருகிறவர்களை நேராக உள்ளே அனுப்பிவிட்டு, சீட்டை உள்ளேயே எழுதலாம். இதற்கு அரசாணை எல்லாம் தேவையில்லை.

அறை இருக்கும் இடமும் சரியில்லை. பக்கத்து அறை நம்பிக்கை மையம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் வகுப்பில் சொல்லத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வராந்தாவில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்பதும் எனக்குத் தெரியும். பல் மருத்துவர் அறைப் பக்கம் மாற்றினால்கூடப் போதும், கூட்டம் கூடிவிடும்.

அப்புறம் பையன்கள். நான் போகும்போதெல்லாம் அங்கே பையன்களைப் பார்ப்பது அபூர்வம். ஆலோசகர் பெண் என்பதாலேயே கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் இல்லையா? நிறைய இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்று போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் பரம்பரை வைத்தியர்கள் அந்தச் சந்தேகத்தில்தான் பிழைக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன், காலேஜ் முதல் வருடம், தூக்கத்தில் விந்து வெளியேறுவதை வியாதி என்று நம்பி, பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தை லேகியத்துக்குக் கொட்டியிருந்தான். அவன் அம்மா என்னிடம் வந்து அழுதார். மையத்துக்குப் போகச் சொன்னேன். 19 வயது வரை ஆண்களுக்கும் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த டாக்டர், இது வளர்கிற உடம்பில் இயல்பாக நடப்பது, சிகிச்சையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்த ஒரு வரி கிடைக்காமல் அவன் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தானோ. ஓர் ஆண் ஆலோசகரை வாரத்தில் ஒரு நாளாவது உட்கார வையுங்கள். கர்ப்பத்தைப் பற்றிப் பெண்களுக்கு மட்டுமே பாடம் நடத்திக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவசரகால கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது. இது டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய மருந்து. தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்புகளில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 'இல்ல' என்ற பதிலும் ஏற இறங்க ஒரு பார்வையும்தான் கிடைக்கும். கல்யாணமான பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் இதே கதிதான். எங்கள் மையத்தில் கேட்டால் டாக்டரிடம் அனுப்புகிறார்கள், பேசி முடிவு செய்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை மதியம் தேவைப்படுகிற ஒருத்திக்குத் திங்கள் காலை திறக்கும் அறையால் என்ன பயன்?

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பிள்ளையைக் காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், பசியோடு வந்து மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியாகத் தீட்டு வந்த தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தனியாகப் பேசவிடச் சொன்னால் மறுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு நேரில் போக முடியாதவர்கள் 104க்குப் போன் செய்து உடல்நல ஆலோசனை கேட்கலாம். குழந்தைத் திருமண ஏற்பாடு தெரிய வந்தாலோ, பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தாலோ 1098. மனசு சரியில்லை என்றால் 14416. மூன்றும் இலவச எண்கள்தான். அப்புறம், அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. கல்யாணத்துக்கு அவசரப்படும் அப்பாக்களிடம் நான் முதலில் எடுப்பது அந்தப் பேச்சைத்தான், பலரிடம் எடுபடுகிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், நான்கும் அந்த ஆலோசகருக்கும் மரக்கதவுக்கும். சாயங்கால நேரம் கேட்டு எங்கள் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் சேர்ந்து தலைமை மருத்துவ அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். பக்கத்து ஆண்கள் பள்ளியிலும் கையெழுத்துக் கேட்டிருக்கிறோம். உங்கள் ஊர் மையமும் காலையில் மட்டும்தான் திறக்கிறதென்றால் நீங்களும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், எங்கள் மனுவின் நகல் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.